காரணம் எழுதாத காகிதம்

அம்மா மண்டபம் சாலையில் காலை நடையை முடித்துக்கொண்டு காப்பி குடிக்கும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். நாலு பேர் சிவில் ஓய்வூதியக்காரர்கள். ஒருவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் என்பதற்காகவே ஒரு காலத்தில் ராணுவத்தை விட்டு அனுப்பப்பட்டவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் இழப்பீடு கொடுப்பதாக ஒரு நண்பர் கைபேசியில் படித்துக் காட்டினார். சுபேதார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம பட்டாளத்துல அதெல்லாம் ஒத்துவராது சார். அனுப்புனா அனுப்புனதுதான். அதுக்கு அப்பீல் வேறயா?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தத் தொடங்கியது. இதே விஷயத்தில் 1983-லும் நான் வாயைத் திறக்காமல் இருந்தவன். அந்தக் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை. சுபேதாருக்குப் பதிலாக இன்று எழுதுகிறேன்.

அப்போது நான் திருச்சியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம். சந்தில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, பட்டா மாற்றம் என்று எதுவானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். காசு வாங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிர்வீட்டில் கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் ஓர் அம்மாள் இருந்தார். ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். பதினோராவது வருஷ சர்வீஸ். ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். லீவு என்றார்கள். இரண்டு மாதம் ஆகியும் திரும்பிப் போகவில்லை. ஒரு ராத்திரி, சந்து அடங்கிய பிறகு, காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. 'பணி இனி தேவையில்லை' என்பது அதன் பொருள்.

நான் கேட்காமலே அவன் சொன்னான். அவனும் இன்னொரு சிப்பாயும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பெட்டிச் சோதனையில் அகப்பட்டுவிட்டன. கோர்ட் மார்ஷல் எதுவும் நடக்கவில்லை. சத்தமில்லாமல் போய்விடு, உனக்கும் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணே, லீவுக்கு மேல ஒருநாள் தங்கினதில்ல. என் பேர்ல சிவப்பு மை ஒண்ணு கிடையாது. வேலையில தப்புன்னு எழுதியிருந்தா அதுக்குப் பதில் சொல்லலாம். ஒண்ணுமே எழுதலையே, நான் எதுக்குன்னு பதில் சொல்றது? நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க."

பட்டாளத்தில் தண்டனைப் பதிவைச் சிவப்பு மையில் எழுதுவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. ஆனாலும் எனக்குக் கூச்சம். அந்த விஷயத்தை என் கையெழுத்தில் எழுதுவதா என்ற கூச்சம். "இதைக் கிளறினா உங்கம்மா காதுக்குப் போகும் தம்பி. விட்டுடு" என்றேன். அவன் காகிதங்களை மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான்.

காரணம் எழுதப்படாத இடத்தைச் சந்து சும்மா விடவில்லை, தானே எழுதிக்கொண்டது. ரேஷன் சாமான் திருடி விற்றான் என்றார்கள். குடித்துவிட்டு அதிகாரியை அடித்தான் என்றார்கள். மாதாமாதம் அந்த அம்மாளுக்கு மணியார்டர் வந்தது. தன் பிள்ளை திருடன் என்று நினைத்துக்கொண்டேதான் அந்த அம்மாள் கண்ணை மூடினார். அவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வருகிறது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களைச் 'சொல்தா' என்போம். பிரெஞ்சு வாத்தியார் வகுப்பில் சொன்ன கதைகளில் எனக்கு மறக்காதது கேப்டன் டிரேஃபுஸ் கதை. ஆல்ஃபிரட் டிரேஃபுஸ் பீரங்கிப் படை அதிகாரி. யூதர். ஜெர்மனிக்கு ராணுவ ரகசியத்தை விற்றார் என்று 1894-ல் பொய்க் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். 1895 ஜனவரி 5 அன்று பாரிஸில் ராணுவப் பள்ளி முற்றத்தில் எல்லோர் முன்னாலும் அவருடைய பட்டைகளைப் பிய்த்து, வாளை உடைத்தார்கள். பிறகு தென் அமெரிக்கக் கரையோரத்தில் ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

எழுத்தாளர் எமில் சோலா 1898-ல் பத்திரிகையில் எழுதிய பகிரங்கக் கடிதத்துக்குப் பிறகு நாடே இரண்டுபட்டது. 1899-ல் குடியரசுத் தலைவர் டிரேஃபுஸை மன்னித்தார். உடம்பு ஒடிந்துபோயிருந்த அவர் மன்னிப்பை ஏற்று வெளியே வந்தார், ஆனால் வழக்கை விடவில்லை. மன்னிப்பு என்றால் குற்றம் செய்தவன் என்றுதானே பதிவில் நிற்கும்? 1906 ஜூலை 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. மறுபடியும் ராணுவ உடை அணிந்தார்.

எங்கள் சந்துப் பையன் கேட்டதும் அதைத்தான். இரக்கமோ மன்னிப்போ அவன் கேட்கவில்லை. பதிவைச் சரியாக எழுது என்றான். அப்பீல் என்பதன் அர்த்தமே அதுதான், சுபேதார் சார்.

இப்போது நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, ஆணும் ஆணும் மனமொத்து இருப்பதையும் குற்றமாக்கி வைத்திருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

ஆனால் ராணுவத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, கொடூரமான, ஆபாசமான அல்லது 'இயற்கைக்கு மாறான' இழிசெயலுக்கு ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. 45-ஆம் பிரிவு அதிகாரிகளின் தகுதிக்கு ஒவ்வாத நடத்தை பற்றியது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தவோ மாற்றவோ அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பிறன்மனை உறவுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் நீக்கியது. ஆனால் அந்த நடத்தைக்காகப் படையினர் மீது நடவடிக்கை எடுக்க அது தடையில்லை என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. ஆக, வெளியே குற்றமில்லாதது பாசறைக்குள் குற்றமாக இருக்க முடியும்.

2019 ஜனவரியில் அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், ராணுவம் பழைமைப் பிடிப்புள்ளது, இதை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நாங்கள் நாட்டின் சட்டத்துக்கு மேற்பட்டவர்கள் இல்லை என்பதையும் அவரே சொன்னார். 2021-ல் நம் குன்னூர் அருகே விபத்தில் மறைந்த அந்த வீரர் மீது எனக்கு மரியாதை உண்டு. அவருடைய இந்த இரண்டு பேச்சில் இரண்டாவதைத்தான் அரசாங்கம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

'பணி இனி தேவையில்லை' என்ற வரி 1983-ஓடு போய்விட்டதாக நினைக்க வேண்டாம். 2010-ல் கடற்படையில் சேர்ந்து விசாகப்பட்டினத்தில் பணியில் இருந்த மாலுமி சபி கிரி, 2016-ல் லீவில் இருந்தபோது அறுவை சிகிச்சை செய்துகொண்டு பெண்ணாக மாறினார். 2017 அக்டோபரில் கடற்படை இதே வாசகத்தின் கீழ் அவரை அனுப்பிவிட்டது. பணியில் சேர்ந்தபோது இருந்த பாலினத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டார், இருக்கும் விதியில் அவருக்கு இடமில்லை என்பது கடற்படையின் விளக்கம். அவர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்.

தன்பாலின ஈர்ப்பு வேறு, பாலினம் மாறுவது வேறு. முதலாவது யார் மேல் மனம் போகிறது என்பது. இரண்டாவது தன்னை ஆணாக உணர்கிறோமா பெண்ணாக உணர்கிறோமா என்பது. நம் வயதுக்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வேலையை விட்டு அனுப்பும் காகிதத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே வாசகம்தான் கிடைக்கிறது.

திருச்சிக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கரூர் மாவட்டத்தில் இரண்டாம் நிலைப் பெண் காவலராகத் தேர்வான ஒருவர், மருத்துவப் பரிசோதனையில் திருநங்கை என்று சொல்லப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்தவர். அவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2014 ஏப்ரல் 17 அன்று நீதிபதி எஸ். நாகமுத்து அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தார். திருநங்கைகளின் உரிமை பற்றி உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்பைக் கொடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில் பிரித்திகா யாஷினி வழக்கு. திருநங்கையான அவர் அதே நீதிமன்றத்தில் வென்று, உதவி ஆய்வாளராகத் தருமபுரியில் பணியில் சேர்ந்தார். காவல்துறையும் சீருடைப் பணிதான். தமிழ்நாட்டில் அதனால் ஒழுங்கு கெட்டுப்போய்விடவில்லை.

கரூர் வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே உத்தரவில் காரணம் எழுதியிருந்தார்கள். தப்பான காரணம்தான். ஆனாலும் எழுதியிருந்ததால் அதை நீதிபதி எடுத்துப் பார்க்க முடிந்தது, உடைக்க முடிந்தது. முப்பத்தெட்டு வருஷம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன். தப்பான உத்தரவைவிடக் கெட்டது காரணம் சொல்லாத உத்தரவு. கெட்ட எண்ணத்தோடு அப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பையனுடைய மானத்தைக் காப்பாற்றுவதாகக்கூட அந்த அதிகாரி நினைத்திருக்கலாம். ஆனால் காப்பாற்றப்பட்டது அலுவலகம்தான். பதில் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போயிற்று.

காப்பிக்கடையில் படித்த பிரிட்டன் செய்திக்கு வருகிறேன். ஜானெட் ஸ்மித், கிரேம் கிரேடி, டங்கன் லஸ்டிக்-பிரீன், ஜான் பெக்கெட் என்ற நாலு பேர் தன்பாலின ஈர்ப்புக்காகப் படைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். 1995-ல் அவர்கள் தங்கள் நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார்கள். அதோடு விடாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1999 செப்டம்பர் 27 அன்று ஜெயித்தார்கள். 2000 ஜனவரி 12 அன்று பிரிட்டன் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி எதர்டன் பிரபு விசாரித்துக் கொடுத்த அறிக்கையை வைத்து, 2023 ஜூலை 19 அன்று பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் 7.5 கோடி பவுண்டு ஒதுக்கி, இந்தக் காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 50,000 பவுண்டு என்று அறிவித்தார்கள். பணத்தைவிட என் கண்ணில் பட்டது வேறு. பறிக்கப்பட்ட பதவி நிலையைத் திரும்பப் பெறவும், டிஸ்சார்ஜ் காகிதத்தில் உள்ள காரணத்தைத் திருத்தவும் அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

377-ஐ நமக்கு எழுதிக் கொடுத்தவன் தன் வீட்டில் அதை அழித்துத் திருத்தி எழுதிவிட்டான். நாம் பாசறைக்குள் அந்த ஏட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சுபேதார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாசறை வேறு, வீடு வேறு. ஒரே கூடாரத்தில் இருபது பேர் படுக்கிறார்கள். மேலதிகாரி தன் பதவியைக் காட்டிக் கீழே உள்ளவனிடம் தப்பாக நடந்தால் என்ன செய்வது? கடுமையாகத் தண்டிக்க வேண்டும். அது ஆணிடம் நடந்தாலும் பெண்ணிடம் நடந்தாலும் தண்டிக்க வேண்டும். பிரிட்டன் தடையை எடுத்தபோது எல்லோருக்கும் பொதுவான ஒரு நடத்தை விதியைத்தான் கொண்டுவந்தது. நீ யார் என்று அது கேட்பதில்லை. உன் நடத்தை படையின் வேலையைக் கெடுத்ததா என்று மட்டும் கேட்கிறது. நம் பெண்கள் படைகளில் அதிகாரிகளாக வந்தபோதும் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். இன்று குடியரசு தின அணிவகுப்பில் அவர்கள் தலைமை தாங்கி வருவதைப் பார்த்து நாமே கைதட்டுகிறோம்.

இந்த வயதுக்கு மேல் மனசை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021-ல் மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கு இந்த விஷயத்தில் போதுமான புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதி கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியுமானால், ஒரு ஓய்வுபெற்ற எழுத்தன் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

அரசாங்கத்திடம் நான் கேட்பது மூன்று. ராணுவ, கடற்படை, விமானப்படைச் சட்டங்களில், சம்மதத்தோடு நடப்பதற்கும் பலவந்தத்துக்கும் வித்தியாசம் தெரியும்படி திருத்தம் வேண்டும். யாரை அனுப்பினாலும் உண்மைக் காரணத்தை எழுதி, அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இப்படி அனுப்பப்பட்டவர்களின் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். சாதாரண சிப்பாய்க்குப் பதினைந்து வருஷம் முடிந்தால்தான் சர்வீஸ் பென்ஷன். பதினொன்றில் அனுப்பினால் அவன் வாழ்நாள் முழுவதையும் சேர்த்து அனுப்பியதாக அர்த்தம்.

அப்பீலுக்கு வழியே இல்லை என்று யாராவது நினைத்தால், அது சரியில்லை. ஆயுதப் படைத் தீர்ப்பாயம் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 முதல் நடக்கிறது. சென்னையில் ஒரு கிளை இருக்கிறது. முதலில் படைத் தரப்பிலேயே முறையீடு கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். வக்கீல் வைத்தும் வாதாடலாம், தானே நின்றும் பேசலாம். 1983-ல் இது கிடையாது. சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் போடத்தான் வழி. அன்று நான் மனு எழுதியிருந்தாலும் அவன் தோற்றிருப்பான் என்றே நினைக்கிறேன், 377 அப்போது உயிரோடு இருந்தது. ஆனால் பிரிட்டனில் அந்த நாலு பேரும் முதலில் தோற்றவர்கள்தான். தோற்ற மனுவுக்கும் ஒரு நம்பர் உண்டு, கோப்பு உண்டு. என்றைக்காவது ஒருவர் அதை எடுத்துப் படிக்க முடியும். எங்கள் சந்துப் பையனுக்கு அதுகூட இல்லாமல் செய்தவன் நான்.

நாளைக் காலை காப்பிக்கடையில் இதைச் சுபேதாரிடம் படித்துக் காட்டப் போகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. என் கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, ஆனாலும் மனு எழுத இன்னும் வரும். நம் பக்கத்தில் யாராவது இப்படி ஒரு காகிதத்தோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தால், என்னிடம் அனுப்புங்கள். ராத்திரி வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில், திண்ணையில் வைத்தே எழுதலாம்.